ஊர் தாங்குமா? செட்டிநாட்டு வாசகர்களின் காலநிலைக் கேள்விகள்

வறட்சியையும் பெருமழையையும் உங்கள் ஊர் எவ்வளவு தாங்கும், அதை எப்படிக் கணக்கெடுப்பது என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். காரைக்குடி, தேவகோட்டை, இராயவரம் பக்கத்திலிருந்து வந்தவையே அதிகம். ஆகவே இந்த முறை பகுதி முழுவதும் செட்டிநாட்டுக்கே.

கேள்வி: ஊராட்சித் திட்டத்தில் ‘காலநிலை பாதிப்பு மதிப்பீடு’ சேர்க்க வேண்டும் என்கிறார்கள். பயிற்சியில் நாள் முழுக்கப் படம் காட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.
*(வாசகர், கொத்தமங்கலம்)*

கிணற்று வடக்கயிறை நினைத்துக்கொள்ளுங்கள். வாளியின் பாரம் இடர்: மழை பொய்ப்பது, ஒரே நாளில் கொட்டுவது, வெயில். யார் யார் அந்தக் கயிற்றை நம்பி நிற்கிறார்கள் என்பது ஆட்படுதல். கயிறு எந்த இடத்தில் நைந்திருக்கிறது, நைந்த இடத்தை முடிந்துகொள்ள வழி உண்டா என்பது நொய்மை. மூன்றும் சேர்ந்தால்தான் ஆபத்து.

பயிற்சியில் குழப்பம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கை, காலநிலையின் தாக்கத்தையும் நொய்மைக்குள்ளேயே போட்டுக் கணக்கிட்டது. 2014 அறிக்கையில் அதைப் பிரித்துவிட்டார்கள். இப்போது நொய்மை என்பது ‘எளிதில் அடிபடும் தன்மை’, ‘சமாளிக்கும் திறன் இல்லாமை’ இரண்டும்தான். மழையும் வெயிலும் வெளியே நிற்கும். சில கையேடுகள் பழைய முறையில் இருக்கின்றன, சில புதிய முறையில். இரண்டையும் கலந்தால் மழைக்குறைவை இரண்டு தடவை எண்ணிவிடுவீர்கள். புதிய முறையையே பிடித்துக்கொள்ளுங்கள். ஊராட்சியால் மழையை மாற்ற முடியாது. கலுங்கை (கண்மாயில் மிகைநீர் வழியும் இடம்) சரிசெய்ய முடியும். கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துக் காட்டும் முறைதான் திட்டமிட உதவும்.

தொடக்கம் ஒரு வாக்கியம். “யாருக்கு, எதனால், எந்த மாதத்தில், எது கெடுகிறது?” இதை எழுதாமல் படிவத்தைத் தொடாதீர்கள். “எங்கள் ஊருக்குக் காலநிலை மாற்றத்தால் பாதிப்பு” என்பது வாக்கியமே அல்ல. “கடைமடையில் ஒரு ஏக்கருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு, கார்த்திகையில் மழை நின்றுபோனால், மார்கழியில் கதிர் பதராகிறது” என்பது வாக்கியம். ஓர் ஊருக்கு இப்படி நான்கைந்து தேறும். அதற்கு மேல் போனால் ஒன்றையும் முழுதாக அளக்க மாட்டீர்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்து மழைக்கும் இப்போதைய மழைக்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று வானிலைக் கணக்கு காட்டுகிறது. பிறகு ஏன் கண்மாய் நிறையவில்லை?
*(வாசகர், கல்லல்)*

மொத்தத்தைப் பார்த்ததுதான் கோளாறு. ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் என்பது இரண்டு விதமாக வரலாம். 45 நாள் பரவிப் பெய்தால் மண் குடித்து, வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்) ஓடி, கண்மாய் நிறையும். 25 நாளில் கொட்டித் தீர்த்தால் கரை அரிக்கும், கலுங்கு தாண்டிப் போகும், தை மாதம் உள்வாய் (கண்மாயில் தண்ணீர் நிற்கும் உட்பகுதி) வெடித்துக் கிடக்கும்.

குறைந்தது 30 ஆண்டு தினசரி மழைக்கணக்கை எடுத்து நான்கு விஷயங்களை மட்டும் பாருங்கள். மழைநாள் எத்தனை (வானிலைத் துறைக் கணக்கில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது மழைநாள்). அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடர்ச்சியாக மழையே இல்லாத நீண்ட இடைவெளி எத்தனை நாள். 64.5 மி.மீ.க்கு மேல் பெய்த கனமழை நாள் எத்தனை. ஜனவரியில் அறுவடை நேரத்தில் எவ்வளவு பெய்தது. கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 2021 ஜனவரியில் டெல்டாவிலும் தென் மாவட்டங்களிலும் அறுவடைக்கு நின்ற நெல்லைச் சாய்த்தது பருவம் தப்பிய மழைதான். ஆண்டு மொத்தத்தில் அது ‘நல்ல மழை’யாகவே கணக்காகியிருக்கும்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. பதிவேட்டில் வெற்றாக இருக்கும் நாளைப் பூஜ்யம் என்று தட்டச்சு செய்துவிடுவது முதலாவது. அளவெடுக்காத நாள் வேறு, மழையில்லாத நாள் வேறு. ஒரு மாதத்தில் ஐந்தாறு நாள் வெற்றாக இருந்தால் அந்த மாதத்தையே ஒதுக்கிவிடுங்கள். இரண்டாவது, கணினி மாதிரிகள் சொல்லும் 2050ஆம் ஆண்டுக் கணிப்பை ஊர் வாரியாகப் பிரிப்பது. அந்தக் கணிப்பின் ஒரு கட்டம் பெரும்பாலும் 25 கிலோமீட்டருக்கும் அகலமானது. காரைக்குடியும் கானாடுகாத்தானும் ஒரே கட்டத்துக்குள் விழலாம். கொத்தமங்கலத்துக்கு ஓர் எண், ஆத்தங்குடிக்கு வேறோர் எண் என்று யாராவது அட்டவணை நீட்டினால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வெயில் கூடும், மழை இன்னும் ஒழுங்கில்லாமல் வரும், கொட்டும் நாளில் அதிகமாகக் கொட்டும் என்ற போக்கு போதும்.

ஊரில் ஒரு மழைமானி வைத்துவிடுங்கள். விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரம், பக்கத்து மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி, தினமும் காலை 8.30க்கு அளவு. பள்ளி மொட்டைமாடியில் வைத்தால் காற்றடித்து அளவு குறைந்துதான் காட்டும்.

கேள்வி: கண்மாயைப் பார்த்து மதிப்பிட என்னென்ன குறிக்க வேண்டும்? தூர் எடுத்தாலே போதாதா?
*(வாசகர், தேவகோட்டை வட்டாரம்)*

இந்தக் கேள்விக்குத்தான் இடம் அதிகம் தர வேண்டியிருக்கிறது. செட்டிநாட்டில் காலநிலை பற்றிய பேச்சில் பாதி, கண்மாய் பற்றிய பேச்சாகத்தான் முடிகிறது.

முதலில் உங்கள் கண்மாய் தனியாள் இல்லை. மேல்கண்மாய் நிறைந்து கலுங்கில் மறுகால் பாய்ந்தால்தான் அடுத்ததற்கு வரத்து. தொடரின் தலை புதுக்கோட்டை மாவட்டத்திலும் வால் சிவகங்கை மாவட்டத்திலும் இருக்கலாம். ஆகவே ஊர் எல்லையை மறந்து, மேலே ஒரு கண்மாய், கீழே ஒரு கண்மாய் சேர்த்து மூன்றையும் நடந்து பாருங்கள்.

நடக்கும்போது வரத்துக்காலில் தொடங்குங்கள், கரையில் அல்ல. கால் எங்கே சாலைக்கு அடியில் போகிறது, அங்கே போட்ட குழாய் காலின் அகலத்துக்கு ஈடாக இருக்கிறதா, குழாயின் அடிமட்டம் கால் படுகையைவிட உயர்ந்து நிற்கிறதா? ஒரு சாண் உயர்ந்து நின்றால்கூடச் சிறு மழைத் தண்ணீர் அந்தப் பக்கமே தேங்கிவிடும். பெருமழைக்கு மட்டும்தான் கால் ஓடும். அடுத்து நீர்பிடிப்பு. தைல மரக் காடு என்றால் மரங்களுக்கு நடுவே வரப்பும் பள்ளமும் வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தப் பள்ளங்கள் நிறைந்த பிறகுதான் கண்மாய்க்கு ஒரு சொட்டு வரும். மரம் உறிஞ்சுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். பள்ளம் நிறுத்துவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பிறகு உள்வாய். கோடையில் கண்மாய் வற்றியிருக்கும்போது மடையின் (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்) அடிமட்டத்தைக் குறியாக வைத்து, கரையிலிருந்து உள்நோக்கி 50 மீட்டருக்கு ஒன்றாக மட்டம் எடுங்கள். ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பிக் கொத்தனார் மட்டம் பார்க்கிற முறையே போதும். மடைக்கு மேலே இருக்கும் தண்ணீர்தான் வயலுக்குப் பாயும். கீழே இருப்பது மாட்டுக்கும் மீனுக்கும் நிலத்தடிக்கும். இந்தக் கணக்கு இல்லாமல் தூர் எடுப்பதால்தான், பணம் செலவாகிறது, பாசனம் கூடுவதில்லை. பொக்லைன் வந்து மடைக்கு முன்னால் ஆள் மட்டத்துக்குப் பள்ளம் தோண்டிவிட்டுப் போகும். அந்தத் தண்ணீர் மடை ஏறாது. இன்னும் மோசம், அடியில் இருக்கும் களிப்படலத்தைக் கிழித்துவிட்டால் செம்மண்ணும் செம்புரைக்கல்லும் சேர்ந்த பூமியில் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். கரையை ஒட்டித் தோண்டவே கூடாது. கரையின் அடி பலமிழந்து பெருமழையில் சரியும்.

கொள்ளளவைத் தோராயமாகப் போட ஒரு கணக்கு: ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழம் என்றால் 10,000 கனமீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர். நீர்ப்பரப்பு 20 ஹெக்டேர், மடைக்கு மேல் சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்று வையுங்கள். 2,40,000 கனமீட்டர். வெயிலிலும் கசிவிலும் பாதி போகும் என்று கொண்டால் மிச்சம் 1,20,000. நெல்லுக்கு ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 12,000 கனமீட்டர் தேவை. மழையே இல்லாமல் கண்மாயை மட்டும் நம்பினால் 10 ஹெக்டேர்தான் விளையும். ஆயக்கட்டு (கண்மாய்ப் பாசன நிலம்) 35 ஹெக்டேர் என்று பதிவேடு சொன்னால், மீதி 25 ஹெக்டேரும் பயிர்க்காலத்து மழையை நம்பி நிற்கிறது என்று பொருள். அந்த 25 ஹெக்டேர் யாருடையது என்று எழுதுங்கள். நொய்மை அங்கேதான் இருக்கிறது. ஆழத்தைச் சராசரியாகப் போட வேண்டும். கரையோர ஆழத்தை மட்டும் அளந்து பெருக்கினால் இல்லாத தண்ணீரை எழுதிவிடுவீர்கள். உள்வாய் தாம்பாளம் மாதிரி, பெட்டி மாதிரி அல்ல.

கலுங்கு கடைசி. அதன்மேல் கல்லோ மணல்மூட்டையோ அடுக்கி உயர்த்தியிருக்கிறார்களா? கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் நிற்கட்டும் என்று செய்வதுதான். ஆனால் 100 மி.மீ. மழை ஒரே இரவில் வந்தால், கலுங்கு வழியாகப் போக வேண்டிய தண்ணீர் கரை வழியாகப் போகும். கீழே குடியிருப்பு இருந்தால் அதுதான் ஊரின் முதல் ஆபத்து. வறட்சிக்குச் செய்த பரிகாரம் வெள்ளத்துக்கு வழி திறக்கிற இடம் இது.

கேள்வி: ஊருணி இருக்கிறது. குழாயில் காவிரித் தண்ணீர் வருவதால் யாரும் எடுப்பதில்லை. கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா?
*(வாசகி, இராயவரம்)*

சேருங்கள். சமாளிக்கும் திறன் என்ற கட்டத்தில்.

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் திருச்சிப் பக்கத்துக் காவிரிப் படுகையிலிருந்து நெடுந்தூரம் வருகிறது. வழியில் மின்சாரம் நின்றாலும் குழாய் உடைந்தாலும் உங்கள் தெருவில் குழாய் காற்றுத்தான் விடும். ஆகவே ‘குழாய் இணைப்பு உண்டா’ என்பது கேள்வி அல்ல. சென்ற சித்திரை, வைகாசியில் எத்தனை நாள் வரவில்லை, வராத நாளில் எங்கே போனார்கள், ஒரு குடத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

ஊருணிக் கணக்கு எளிது. நாற்புறமும் கல்கட்டி நேராக நிற்கும் ஊருணி, 40 மீட்டருக்கு 40 மீட்டர், தண்ணீர் 2 மீட்டர்: 32 லட்சம் லிட்டர். கோடையில் நாளுக்கு 6 மி.மீ. ஆவியாகும் என்று வைத்தால் 90 நாளில் 54 செ.மீ., அதாவது 8.64 லட்சம் லிட்டர் போய்விடும். அடியில் அரை மீட்டர் சேறும் கலங்கலும், அது 8 லட்சம். மிச்சம் 15 லட்சத்துச் சொச்சம். ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 10 லிட்டர் என்றால் ஆயிரம் பேருக்கு நாளுக்கு 10,000 லிட்டர். சுமார் 150 நாள். கசிவுக்காக அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். குழாய் நின்றுபோன கோடையை ஒரு ஊருணி தாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் நிறைந்திருப்பது மட்டும் போதாது. வரத்துக்காலில் கழிவுநீர் கலக்கிறதா, கால் மேல் பேவர் பிளாக் போட்டு மூடிவிட்டார்களா என்று பார்த்த பிறகுதான் அது குடிநீர். இல்லையென்றால் துணி துவைக்கவும் மாடு குளிப்பாட்டவும் உள்ள தண்ணீர் என்று எழுதுங்கள். அதுவும் திறன்தான், வேறு வகை. மாற்றாக ஆழ்துளைக் கிணற்றைக் காட்டுகிறவர்கள் புளோரைடு அளவையும் பக்கத்தில் எழுதட்டும்: லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை.

கேள்வி: வீடு வீடாகக் கணக்கெடுத்தோம். எங்கள் ஊர் ‘நொய்மை குறைந்த ஊர்’ என்று வந்திருக்கிறது. எங்களுக்கே சிரிப்பு வருகிறது.
*(வாசகர், நேமத்தான்பட்டி)*

என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. படிவத்தில் ‘வீட்டு வகை’ என்று ஒரு கட்டம் இருக்கும். செட்டிநாட்டில் அந்தக் கட்டத்தைப் போட்டால் உலகத்திலேயே பணக்கார ஊராக வந்துவிடும். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் இருக்கும். உள்ளே இருப்பது காவலுக்கு அமர்த்திய ஒரு குடும்பம், அல்லது எழுபது தாண்டிய ஒரு ஆச்சி. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். திருவிழாவுக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள்.

ஆகவே மூன்றாகப் பிரியுங்கள்: பூட்டிய வீடு, சொந்தக்காரர் குடியிருக்கும் வீடு, வேறொருவர் குடியிருக்கும் வீடு. பூட்டிய வீட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆனால் அதன் முற்றத்துக் கிணற்றையும், மழைநீர் எங்கே போகிறது என்பதையும் மட்டும் தனியாகக் குறியுங்கள். மூன்றாவது வகையில் வீட்டின் மதிப்பை விட்டுவிட்டுக் குடியிருப்பவரின் வருமானத்தைக் கேளுங்கள். திருவிழா மாதத்தில் ஊரின் தலைக்கட்டு இரண்டு மூன்று மடங்கானால் அந்த மாதத்துத் தண்ணீர்த் தேவைக்குத் தனிக் கணக்கு.

எத்தனை வீடு போவது? 400 வீட்டு ஊர் என்றால் ஐந்து சதவீதப் பிழைக்கு இடம் விட்டு 200 வீடு. 1,000 என்றால் 286 போதும். இந்தக் கணக்கை 400 வீட்டு ஊர் முழுவதற்கும் ஒரே தடவை போட்டு வீட்டைக் குலுக்கி எடுத்தால், ஒதுக்குப்புறத்தில் இருக்கும் 18 வீட்டுக் குடியிருப்பிலிருந்து எட்டோ ஒன்பதோ வரும். எட்டு வீட்டை வைத்து என்ன சொல்வீர்கள்? சிறிய குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் போங்கள். பெரிய தெருவில் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். “காலநிலை மாறிவிட்டதா?” என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். எல்லோரும் தொலைக்காட்சி பார்க்கிறோம். ஊர் மறக்காத நிகழ்வுகளை முளையாக அடித்து அதிலிருந்து கேளுங்கள்: 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்த ஆண்டு, 2018 நவம்பரில் கஜா புயல். “அந்த வருசம் மாட்டை விற்றீர்களா? எத்தனை? எவ்வளவுக்கு? நகை அடகிலிருந்து எப்போது திரும்பியது? யாராவது திருப்பூருக்கு வேலைக்குப் போனார்களா?” என்று கேட்டால்தான் திறன் தெரியும். விற்ற மாடு இரண்டு ஆண்டில் திரும்பி வந்த வீடும் வராத வீடும் ஒன்றல்ல.

மாத வாரியாக வேலை, கடன், தண்ணீர், நோய் ஆகியவற்றை அறிய மண்ணில் பன்னிரண்டு கட்டம் போட்டு, சித்திரை முதல் பங்குனி வரை, புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். பெண்களைத் தனியாகக் கூட்டி, மாலை வேலை முடிந்த பிறகு. இடம், எல்லோரும் தயங்காமல் வந்து உட்கார்கிற இடமாக இருக்கட்டும். கோயில் மண்டபம் அப்படிப்பட்ட இடமா என்பது உங்கள் ஊருக்குத் தெரியும்.

கேள்வி: அடங்கலை (கிராமத்தின் நிலம், பயிர்ப் பதிவேடு) நம்பலாமா?
*(வாசகர், காரைக்குடி)*

பரப்புக்கு நம்பலாம். பயிருக்கு நேரில் பார்க்க வேண்டும். குத்தகைக்காரர் பெயர் பெரும்பாலும் இருக்காது, நட்டம் அவருக்குத்தான்.

கேள்வி: செயற்கைக்கோள் படத்தை வைத்து உட்கார்ந்த இடத்திலேயே செய்ய முடியாதா?
*(கல்லூரி மாணவர், காரைக்குடி)*

கண்மாயில் எந்தத் தேதியில் எவ்வளவு நீர்ப்பரப்பு என்பதற்கு அருமையான கருவி. சென்டினல்-2 படம் இலவசம், 10 மீட்டர் நுணுக்கம், ஐந்து நாளுக்கு ஒரு தடவை. லேண்ட்சாட் 30 மீட்டர்தான், ஆனால் 1980களிலிருந்து உண்டு. இரண்டு பொறி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்துவிடும். அப்போது மேகத்தைத் துளைக்கும் சென்டினல்-1 ரேடார் படத்தை எடுங்கள். சீமைக்கருவேல் அடர்ந்த உள்வாயில் மரத்துக்கு அடியில் தண்ணீர் நின்றாலும் படம் ‘பசுமை’ என்றே காட்டும். இரண்டு கண்மாய்க்காவது நேரில் போய்ச் சரிபாருங்கள். யார் வீட்டில் கடன் இருக்கிறது என்பதை எந்தப் படமும் காட்டாது.

கேள்வி: நொய்மைக்குக் குறியீட்டு எண் போடுவது எப்படி? 0.62, 0.71 என்றெல்லாம் அட்டவணை தருகிறார்கள்.
*(ஊராட்சிச் செயலர், சாக்கோட்டைப் பக்கம்)*

விளக்கத்துக்காக மூன்று குடியிருப்பு, இரண்டே அளவீடு எடுப்போம். எண்கள் கற்பனை.

வானம் பார்த்த விவசாயத்தை நம்பும் வீடு: மேலத்தெரு 30 சதவீதம், நடுக்குடியிருப்பு 55, கீழக்குடியிருப்பு 80. மிகக் குறைந்ததைக் கழித்து, கூடியதற்கும் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். மேலத்தெரு 0, நடு, 25 வகுத்தல் 50, அதாவது 0.5, கீழ் 1.

மாதச் சம்பளம் வரும் வீடு நூற்றுக்கு: 40, 10, 20. இது கூடினால் நல்லது, ஆகவே தலைகீழாகப் போட வேண்டும். மேலத்தெரு 0, நடு, 30 வகுத்தல் 30, அதாவது 1, கீழ், 20 வகுத்தல் 30, அதாவது 0.67. இந்தத் தலைகீழாக்கத்தை மறப்பதுதான் எக்செல் கோப்புகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு. மறந்தால் சம்பளக்காரர் தெரு நொய்ந்த தெருவாகிவிடும்.

சமமாகச் சராசரி எடுத்தால் மேலத்தெரு 0, நடு 0.75, கீழ் 0.83. கீழக்குடியிருப்புக்கு முதலிடம். இப்போது சம்பளத்துக்கு 70 பங்கும் விவசாயத்துக்கு 30 பங்கும் எடை கொடுங்கள். நடு 0.85, கீழ் 0.77. வரிசை புரண்டுவிட்டது! ஊரில் எதுவும் மாறவில்லை, உங்கள் எடை மாறியது, அவ்வளவுதான். ஆகவே எடையை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்த எடையிலும் முதலிரண்டு இடத்தில் நிற்பவை எவையோ அவற்றுக்கு முன்னுரிமை. புரண்டுகொண்டே இருப்பவற்றைக் கிராம சபையில் வைத்துப் பேசி முடிவெடுங்கள். 0.62க்கும் 0.64க்கும் வித்தியாசம் இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேலத்தெருவுக்கு 0 என்றால் ஆபத்தே இல்லை என்று பொருளல்ல. மூன்றில் குறைவு என்று பொருள். அங்கே தனியாக இருக்கும் முதியவர்களைப் பற்றி இந்த இரண்டு அளவீடும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊருக்கு ஒரே எண் வேண்டும் என்று மேலே கேட்டால் கொடுங்கள், படிவம் நிறைய வேண்டுமே. ஆனால் திட்டத்தைக் குடியிருப்பு வாரியாகப் போடுங்கள். பயிர்க் காப்பீட்டில் இந்தச் சராசரியின் விலை ஏற்கெனவே ஊருக்குத் தெரியும்: பெரும்பாலும் தனி வயலைப் பார்த்து அல்ல, அறிவிக்கப்பட்ட அலகின் சராசரி விளைச்சலைப் பார்த்தே இழப்பீடு. தலைமடை விளைந்து கடைமடை கருகிய ஆண்டில் கடைமடைக்காரர் பிரீமியம் கட்டியும் வெறுங்கையோடு நிற்பார். ‘காப்பீடு உண்டு’ என்பதைத் திறனாக எழுதும்போது இதை மறக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊரில் பாதிப்பேருக்குப் பூக்கல் (ஆத்தங்குடித் தரைக்கல்) தொழில்தான், விவசாயம் இல்லை. படிவத்தில் எங்களுக்கு இடமே இல்லையே?
*(வாசகர், ஆத்தங்குடி)*

நியாயமான கோபம். பூக்கல் தொழில் மழை, வெயில், தண்ணீர் மூன்றையும் தொட்டு நிற்கிறது. கண்ணாடித் தகட்டில் வண்ணம் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு அழுத்திய கல் காய வேண்டும், பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். ஐப்பசி அடைமழையில் காய்வது தடைபடும். கோடையில் தொட்டிக்குத் தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். தொட்டித் தண்ணீர் உப்பாக மாறினால் கல்லில் வெள்ளை பூக்கும். நாள் ஒன்றுக்கு எத்தனை சதுர அடி, தொட்டிக்கு எத்தனை லிட்டர், மழையால் வேலை நின்ற நாள் எத்தனை, கூலி எண்ணிக்கைக்கா நாளுக்கா என்று நான்கு கேள்வி கொண்ட தனித்தாள் தயாரித்துப் படிவத்தோடு தைத்துக்கொடுங்கள். எண்ணிக்கைக் கூலி என்றால் நின்ற நாளின் நட்டம் முழுக்கத் தொழிலாளிக்கு.

வெயிலையும் இங்கேயே சொல்லிவிடலாம். சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை என்பது வானிலைத் துறை அளவு. தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் உங்கள் பட்டறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் என்ன வெப்பம் என்பதை எந்த நிலையமும் சொல்லாது. மே மாதத்தில் ஒரு வாரம், ஆள் மார்பு உயரத்தில் வெப்பமானி தொங்கவிட்டு, மாலை 3 மணிக்கும் இரவு 9 மணிக்கும் குறியுங்கள். சுண்ணாம்புச் சாந்துச் சுவரும் உயர்ந்த கூரையும் முற்றமும் உள்ள வளவு வீட்டில் ஒன்று, தளம் போட்ட புது வீட்டில் ஒன்று, தகரக் கொட்டகையில் ஒன்று. பகல் எண்ணைவிட இரவு 9 மணி எண்ணைக் கவனியுங்கள். உடம்பு ஆறுவதற்கு நேரம் கிடைக்காத வீட்டில்தான் முதியவர்களும் கைக்குழந்தையும் விழுகிறார்கள்.

கேள்வி: அறிக்கை தயார். அடுத்து? முன்பு ஒரு தடவை இப்படித்தான் செய்து அலமாரியில் இருக்கிறது.
*(வார்டு உறுப்பினர், திருப்பத்தூர் வட்டம்)*

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தப் பணம். பொறுப்பு தெரியாமல் எழுதுவதால்தான் அலமாரிக்குப் போகிறது. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் கீழே என்றால் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மேலே என்றால் நீர்வளத் துறை. தவறான அலுவலகத்துக்குப் போன மனுவுக்கு ‘எங்கள் எல்லையில் வராது’ என்று மூன்று மாதம் கழித்துப் பதில் வரும், அதற்குள் பருவம் முடிந்துவிடும். கூடவே சர்வே எண், அளவு, இரண்டு படம். “வரத்துக்காலைச் சீரமைக்க வேண்டும்” என்று எழுதினால் யாரும் மதிப்பீடு போட மாட்டார்கள். “சர்வே எண் இன்னது, இந்த இடத்தில் குழாய் அடிமட்டம் கால் படுகையைவிட 25 செ.மீ. உயர்வு, எடுத்துவிட்டுப் பெட்டிப் பாலம்” என்று எழுதினால் பொறியாளர் வந்து பார்த்தே ஆக வேண்டும்.

தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை அக்டோபர் 2இலிருந்து பேசத் தொடங்குவார்கள் என்பதால், ஆகஸ்ட் 15க்குள் மதிப்பீட்டை ஊரிடம் படித்துக்காட்டி, அக்டோபரில் வேலைப்பட்டியலைத் தீர்மானமாக்குங்கள்.

வேலையை எழுதும்போது ஒரு சோதனை: இது யாருடைய சுமையை யார் தலைக்கு மாற்றுகிறது? மேலத்தெருவில் ஆழ்துளைக் கிணறு இன்னும் 200 அடி இறக்கினால் கீழக்குடியிருப்பின் கிணறு வற்றும். அது தீர்வாகாது, இடமாற்றம். மழை நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் பலன் தரும் வேலைகளை மேலே வையுங்கள்: கலுங்கு, வரத்துக்கால், மடைப் பலகை, ஊருணிக்குக் கழிவுநீர் தடுப்பு. செலவும் இவற்றுக்குத்தான் குறைவு.

கேள்வி: எந்த மாதத்தில் தொடங்கலாம்?
*(வாசகி, பள்ளத்தூர்)*

பங்குனியில். கண்மாய் வற்றியிருக்கும், உள்வாய் மட்டம் எடுக்கலாம். தண்ணீர்த் தட்டுப்பாடு கண்முன்னே இருக்கும். சித்திரை, வைகாசியில் வீட்டுக் கணக்கும் வெப்பக் கணக்கும். ஆனி, ஆடியில் எண் போடுவது. ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த மறுநாள் விடியலில் நான்கைந்து பேர் வரத்துக்கால் நெடுக நடங்கள். கோடையில் நீங்கள் வரைந்த படத்தில் தண்ணீர் போகும் என்று அம்புக்குறி போட்ட இடத்தில் உண்மையிலேயே போகிறதா என்று அன்றைக்குத்தான் தெரியும். போகாத இடத்தில் முளை அடித்துவிட்டு வாருங்கள், வெயில் வந்ததும் அடையாளம் மறைந்துவிடும்.